ஓடையோரம் மனை வாங்குமுன் வெள்ள அபாயத்தைக் கணிப்பது எப்படி?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு சிறு நகரம். ஊரின் கிழக்கு ஓரத்தில் ஓடை, வருடத்தில் பத்து மாதம் காய்ந்து கிடக்கிறது. கரையிலிருந்து சுமார் 60 மீட்டர் தள்ளி, டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம் பெற்ற ஐந்து சென்ட் மனை. "நாற்பது வருஷமா இங்க தண்ணி ஏறினதே இல்ல" என்கிறார் தரகர். நம்பலாமா, எப்படிச் சரிபார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

தரகர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். இந்த நாற்பது வருடத்தில் ஓடைக்கு மேலே நிலம் மாறியிருக்கும், கண்மாய்களில் வண்டல் ஏறியிருக்கும், கீழே சாலை உயர்ந்திருக்கும். ஓடையை மட்டும் பார்த்து உங்கள் மனைக்குத் தண்ணீர் வருமா வராதா என்று சொல்ல முடியாது. மேலே எவ்வளவு நிலத்து மழை இதில் வடிகிறது, வழியில் எத்தனை கண்மாய், கீழே எந்தப் பாலம் அதை நெரிக்கிறது? இந்த மூன்றும் தெரிந்தால் பாதிப் பதில் கிடைத்துவிடும். மீதிப் பாதி உங்கள் மனையின் மட்டத்தில் இருக்கிறது. 60 மீட்டர் தள்ளி இருப்பதை வைத்து ஆறுதல் அடைய வேண்டாம். கரிசல் சமவெளியில் 60 மீட்டர் நடந்தாலும் தரை அரை அடிகூட உயராமல் இருக்கலாம்.

முதலில் மழை. 24 மணி நேரத்தில் 20 சென்டிமீட்டரைத் தாண்டினால் அதை அதி கனமழை என்கிறது வானிலைத் துறை. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு வருடம் முழுக்கப் பெய்யும் சராசரியைவிடக் காயல்பட்டினத்தின் ஒரு நாள் மழை அதிகம். உங்கள் பக்கமும் அப்போது கொட்டித் தீர்த்தது. அடுத்த வருடம் டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் கரையேறிய பிறகு, கடலிலிருந்து வெகுதூரத்தில் இருக்கும் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. பெய்தது. வறண்ட வட்டாரம், கடல் பக்கத்தில் இல்லை என்ற காரணங்களெல்லாம் இனிப் பாதுகாப்பு ஆகாது. இப்படி ஒரு மழை உங்கள் ஓடையின் தலைமேல் பெய்தால் என்ன ஆகும் என்று கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கரிசல் பூமிக்கு இதில் ஒரு தனிக் குணம் உண்டு. கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும் மண், ஐப்பசியின் முதல் மழையை அப்படியே உள்ளே வாங்கிக்கொள்ளும். ஓடையில் சொட்டுத் தண்ணீர் வராது. நனைந்து உப்பி வெடிப்புகள் மூடிய பிறகு அதே மண் தண்ணீரை உள்ளே விடவே விடாது. அதற்குள் கண்மாய்களும் நிரம்பியிருக்கும். அதனால் அக்டோபரில் 15 செ.மீ. பெய்து ஒன்றும் ஆகாத ஓடை, டிசம்பரில் 10 செ.மீ.க்கே கரை புரளலாம். "போன வருஷம் அவ்வளவு மழையிலும் வரலையே" என்று யாராவது சொன்னால், எந்த மாதம் பெய்தது, அதற்கு முந்தைய வாரம் எப்படி இருந்தது என்று கேளுங்கள். அது தெரியாமல் அந்தப் பேச்சுக்கு மதிப்பில்லை.

அடுத்து நீர்ப்பிடிப்புப் பரப்பு. இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தில் உங்கள் ஓடை ஒரு மெல்லிய நீலக் கோடாக இருக்கும். மனைக்கு நேரே ஒரு புள்ளி வைத்து, அங்கே வந்து சேரும் எல்லாக் கிளைகளையும் உள்ளடக்கி, மேடுகளின் முதுகு வழியாக ஒரு கோடு இழுங்கள். உள்ளே இருக்கும் பரப்புதான் உங்கள் ஓடைக்குத் தண்ணீர் தருவது. செயற்கைக்கோள் படத்தை இஸ்ரோவின் புவன் தளத்திலோ கூகுள் எர்த்திலோ பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டால், இன்று அங்கே என்ன இருக்கிறது என்பதும் தெரியும்: மானாவாரிக் காடா, புதுப் பிளாட்டுகளா, சோலார் பண்ணையா, கல்குவாரியா. கூகுள் எர்த்தில் பழைய வருடங்களின் படங்களையும் பார்க்கலாம். பத்துப் பதினைந்து வருட மாற்றம் ஒரே மாலையில் விளங்கிவிடும்.

ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் என் அனுமானம். உங்கள் ஓடையின் அளவுகளை நீங்கள் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். பரப்பு 6 சதுர கிலோமீட்டர், அதாவது 600 ஹெக்டேர். மிகத் தொலைவான மூலையிலிருந்து தண்ணீர் ஓடிவரும் நீளம் நாலரை கிலோமீட்டர், அதில் இறக்கம் 30 மீட்டர். இந்த அளவுகளுக்குக் கிர்பிச் சூத்திரப்படி, கடைசி மூலையின் மழை உங்கள் மனைக்கு வந்துசேர ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். அந்த ஒன்றரை மணி நேரமும் மணிக்கு 60 மில்லிமீட்டர் வேகத்தில் பெய்து, அதில் 40 சதவீதம் வழிந்து ஓடுகிறது என்று வையுங்கள். 0.4-ஐ 60-ஆலும் 600-ஆலும் பெருக்கி 360-ஆல் வகுத்தால் விநாடிக்கு 40 கன மீட்டர் வரும். நமக்குப் பழகிய கணக்கில் சுமார் 1,400 கனஅடி. காய்ந்து கிடக்கும் ஓடைக்கு இந்த எண்ணை நம்ப மனம் வராது. ஆனால் கணக்கு அதுதான்.

பரப்பை மட்டும் வைத்து வெள்ளத்தைக் கணிக்கும் ரைவ்ஸ் சூத்திரத்தையும் போட்டுப் பார்க்கலாம். 1884-இல், அன்றைய சென்னை மாகாணத்து ஆறுகளுக்காகவே வந்த சூத்திரம் அது. பரப்பின் மூன்றில் இரண்டு அடுக்கை ஒரு கெழுவால் பெருக்க வேண்டும். கடற்கரையிலிருந்து 80 கிலோமீட்டருக்குள் 6.8, அதைத் தாண்டினால் 8.5, மலையடிவாரத்தில் 10.2. நம் 6 சதுர கிலோமீட்டருக்கு 6.8 போட்டால் விநாடிக்கு 22 கன மீட்டருக்குக் கொஞ்சம் மேலே, சுமார் 800 கனஅடி. இரண்டு விடையும் பொருந்தவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். இத்தனை சிறிய ஓடைக்கு நான் முதல் கணக்கைத்தான் அதிகம் நம்புவேன், ஏனென்றால் அதில் மழையின் வேகம் நேரடியாக வருகிறது. வெள்ளம் இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் எங்கோ இருக்கும் என்று வைத்துக்கொண்டு கீழே இறங்கிப் பாலத்தைப் பாருங்கள்.

எனக்குத் தெரிந்தவரை, சிறு ஓடைகளில் ஊருக்குள் தண்ணீர் வருவதை முடிவு செய்வது பெரும்பாலும் இந்தப் பாலம்தான். உங்கள் மனைக்குக் கீழே ஓடையைக் கடக்கும் முதல் சாலைக்கோ ரயில் பாதைக்கோ நடந்து போங்கள். அங்கே இரண்டு கண் உள்ள சிறுபாலம் இருக்கிறது, ஒவ்வொரு கண்ணும் 2 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் உயரம் என்று வையுங்கள். இரண்டும் சேர்ந்து 6 சதுர மீட்டர். தண்ணீர் விநாடிக்கு இரண்டரை மீட்டர் வேகத்தில் போனால் 15 கன மீட்டர் கடக்கும், சுமார் 530 கனஅடி. ரைவ்ஸ் சொன்ன 800-க்கே அது போதாது, 1,400-ஐப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அதுவும் கண்கள் சுத்தமாக இருந்தால்தான். சீமைக்கருவேல மார், பிளாஸ்டிக், கட்டட இடிபாடு என்று பாதியை அடைத்துக்கொண்டிருக்கும் பாலங்களைத்தான் நாம் அதிகம் பார்க்கிறோம்.

வருவது 40, போவது 15 என்றால் மீதி 25 கன மீட்டர் ஒவ்வொரு விநாடியும் சாலைக்கு மேல்புறம் தேங்கும். பத்து நிமிடத்தில் 15,000 கன மீட்டர். மூன்று ஹெக்டேர் தட்டை நிலத்தில் அது அரை மீட்டர் ஆழம். சாலையின் தலையைத் தாண்டி வழியும்வரை மட்டம் ஏறிக்கொண்டே இருக்கும். ஆக, உங்கள் மனைக்குக் கேடு செய்யும் வெள்ள மட்டம் எது என்று கேட்டால், ஓடைக்கரையின் மட்டத்தைவிடக் கீழே இருக்கும் சாலையின் மட்டத்தைத்தான் நான் காட்டுவேன். அந்தச் சாலை பத்து வருடத்துக்கு ஒரு முறை பழையதைச் சுரண்டாமல் அதன் மேலேயே போடப்பட்டு உயர்ந்து வந்திருக்கும். முன்பு தாம்போதியாக, அதாவது வெள்ளம் மேலே வழிந்து போகும் தாழ்ந்த சாலையாக இருந்த இடத்தில் பிறகு மண் கொட்டி உயர்த்திக் குழாய் வைத்திருந்தால், வெள்ளம் மேலே வழிந்து போன வழி அடைபட்டிருக்கிறது என்று அர்த்தம். தரகரின் நாற்பது வருட அனுபவம் பெரும்பாலும் தாம்போதிக் காலத்து அனுபவமாக இருக்கும்.

மேடான பாதை தண்ணீரை எப்படி மறிக்கும், பிறகு எப்படி அரித்துக்கொண்டு போகும் என்பதை 2023-இல் பார்த்தோம். ஸ்ரீவைகுண்டத்துக்கும் செய்துங்கநல்லூருக்கும் இடையே தண்டவாளத்துக்கு அடியில் மண்ணும் ஜல்லியும் போய்த் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. சுமார் 800 பயணிகளோடு செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது.

இனி கண்மாய். உங்கள் வட்டாரத்து ஓடைகள் பலவும் ஒரு கண்மாயின் மறுகாலில் (உபரி நீர் வெளியேறும் வாய்க்காலில்) தொடங்கி இன்னொரு கண்மாயில் போய் விழுபவை. மேலே உள்ள கண்மாய் நிரம்பாதவரை வெள்ளத்தைத் தாங்கிப் பிடிக்கும். நிரம்பிய பிறகு வருவதையெல்லாம் கலுங்கு என்ற உபரி நீர்ப் போக்கி வழியாக அனுப்பும். கலுங்கை உயர்த்தியோ அடைத்தோ வைத்திருந்தால் கரை உடையும். 20 ஹெக்டேர் பரப்பில் சராசரி ஒன்றரை மீட்டர் ஆழம் தண்ணீர் நிற்கும் கண்மாய் ஒரு மணி நேரத்தில் காலியானால், விநாடிக்குச் சராசரி 83 கன மீட்டர். நாம் மேலே கணக்கிட்ட மழை வெள்ளத்தைப் போல இரண்டு மடங்கு, அதுவும் சேறும் மரமுமாக. 2023-இல் தென்மாவட்டங்களில் பல ஊர்களுக்குள் நள்ளிரவில் தண்ணீர் புகுந்ததற்குக் குளங்களும் கண்மாய்களும் உடைந்ததே காரணம்.

ஆகவே மேலே இருக்கும் கண்மாய்க் கரையில் ஒரு முறை முழு நீளமும் நடந்து விடுங்கள். எங்கேயாவது கரை உள்வாங்கி வண்டித்தடம் போலத் தாழ்ந்திருக்கிறதா? கரையின் வெளிப்புற அடியில் மழையில்லாத நாளிலும் ஈரக்கசிவு உண்டா? பெரிய மரங்களின் வேர் கரைக்குள் போயிருக்கிறதா? பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கும் மடையின் சுவரை ஒட்டி மண் இறங்கியிருக்கிறதா? கலுங்கு திறந்து கிடக்கிறதா, அதிலிருந்து கிளம்பும் மறுகால் ஓடை முழுதாக இருக்கிறதா? கண்மாய்ப் பாசன விவசாயிகளிடம் கேட்டால் எந்த இடத்தில் கரை பலவீனம் என்று விரல் நீட்டிச் சொல்வார்கள். மழைக்காலத்தில் மணல் மூட்டை அடுக்குவது அவர்கள்தானே.

அரசு ஆவணங்கள் இந்த விஷயத்தில் நாம் நினைப்பதைவிட அதிகம் பேசும். பட்டாவோடு, நிலத்தின் எல்லை அளவுகளைக் காட்டும் புலப்படத்தையும் நில ஆவண இணையதளத்திலேயே எடுக்கலாம். உங்கள் மனையின் பழைய சர்வே எண்ணுக்கும் ஓடையின் எண்ணுக்கும் புலப்படம் எடுத்து, படத்தில் ஓடைக்கு என்ன அகலம் காட்டியிருக்கிறது என்று குறித்துக்கொண்டு, இடத்தில் போய் டேப் பிடித்து அளந்து பாருங்கள். படத்தில் 18 மீட்டரும் தரையில் 7 மீட்டரும் இருந்தால், மீதி 11 மீட்டர் யாருடைய காம்பவுண்டுக்குள் போயிருக்கிறது என்பது கண்ணால் பார்த்தாலே தெரியும். ஓடையும் படத்தில் இருக்கும் வளைவோடு இருக்கிறதா என்று பாருங்கள். பிளாட் போடும்போது வசதிக்காக நேராக்கி ஓரமாகத் தள்ளிய ஓடை, பெருவெள்ளத்தில் பழைய தடத்துக்கே திரும்பப் பார்க்கும். அந்தப் பழைய தடத்தில் உங்கள் மனை இருந்தால் வாங்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

மனை முன்பு நஞ்செயா புன்செயா என்பதும் முக்கியம். நஞ்செய் என்றால் கண்மாய் மடையிலிருந்து தண்ணீர் தானாகப் பாய்ந்த நிலம், அதாவது மடையைவிடத் தாழ்வான நிலம். பாசனத்துக்குத் தண்ணீர் வந்த அதே வழியில் வெள்ளமும் வரும். பழைய நத்தம், அதாவது ஊர்க் குடியிருப்பு நிலம், எங்கே இருக்கிறது என்று பாருங்கள், அது அநேகமாக மேட்டில் இருக்கும். மூலப் பத்திரத்தில் நான்கு எல்லை எழுதியிருப்பார்கள். "ஓடைக்கு மேற்கு", "வரத்துக்காலுக்குத் தெற்கு" என்று இருந்தால், கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவந்த அந்த வரத்துக்கால் இன்று எங்கே என்று தேடுங்கள். வில்லங்கச் சான்று இதில் எதையும் சொல்லாது. கிராம நிர்வாக அலுவலரிடம், சர்வே எண் வாரியாக நில விவரம் உள்ள 'அ' பதிவேட்டைப் பார்க்கக் கேளுங்கள். பக்கத்து எண் ஓடைப் புறம்போக்கு, கண்மாய்ப் புறம்போக்கு என்று இருந்தால் எல்லைக்கல் எங்கே என்று சர்வேயரை வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

டி.டி.சி.பி. அங்கீகாரம் இருக்கிறதே என்கிறீர்கள். நல்லதுதான். ஆனால் ஓடையை ஒட்டிய மனைப்பிரிவு என்றால் நீர்வளத் துறையிடமிருந்து தண்ணீர் தேங்குவது தொடர்பான தடையின்மைச் சான்று வாங்கியிருக்க வேண்டும். அதில் பெரும்பாலும் இன்ன மட்டத்துக்குத் தரையை உயர்த்த வேண்டும், ஓடைக்கு இவ்வளவு இடம் விட வேண்டும் என்று நிபந்தனை இருக்கும். அந்தச் சான்றின் நகலை விற்பவரிடம் கேளுங்கள். நிபந்தனைகள் நிறைவேறியிருக்கின்றனவா என்று இடத்தில் போய்ப் பார்ப்பது உங்கள் வேலை, வேறு யாரும் பார்த்துச் சொல்ல மாட்டார்கள்.

ஊர்க்காரர்களிடம் விசாரிக்கும்போது "வெள்ளம் வந்ததா?" என்று கேட்காதீர்கள், "இல்லை" என்று சொல்லிவிடுவார்கள். பக்கத்தில் மனை விற்காமல் வைத்திருப்பவர் வேறு எப்படிச் சொல்வார்? "2023-இல் இந்த வீட்டில் எந்தப் படி வரைக்கும் ஏறியது?", "1992 மழையில் ஆடுமாடு எங்கே கட்டினீர்கள்?", "தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்தது, எத்தனை மணிக்கு வடிந்தது?" என்று கேளுங்கள். ஓடையோரம் ஆடு மேய்ப்பவர்கள், தாழ்வான தெருவில் குடியிருக்கும் வயதான பெண்கள் சொல்வதை நான் மிகவும் மதிக்கிறேன். சேற்றை வாரி வெளியே கொட்டியவர்களுக்கு மட்டம் மறக்காது. சொன்ன இடத்தில் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டுப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் முள்வேலியில் மாட்டியிருக்கும் வைக்கோல், துணி, பிளாஸ்டிக் எந்த உயரத்தில் இருக்கிறது, மரத்தடியில் வேர் வெளியே தெரிகிறதா, வயலில் கரிசலுக்கு மேல் புது மணல் படிந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

இப்போது மட்டம். இதற்குக் கைபேசி ஆப்பை நம்பவே கூடாது. செல்போன் காட்டும் உயரத்திலும் இலவசமாகக் கிடைக்கும் 30 மீட்டர் கட்ட உயரத் தரவிலும் சில மீட்டர் பிழை சாதாரணம். நமக்குத் தேவைப்படுவதோ ஒரு சாண் துல்லியம். ஆட்டோ லெவல் என்ற மட்டம் பார்க்கும் கருவி வைத்திருக்கும் சர்வேயரை ஒரு காலை கூப்பிடுங்கள். ஓடையின் அடி, ஓடைக்கரை, கீழே உள்ள பாலத்துக் கண்ணின் மேல்விளிம்பு, சாலையின் நடுமுதுகு, சாக்பீஸ் கோடுகள், உங்கள் மனையின் நான்கு மூலை: எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்கு ஒப்பிட்டு எழுதச் சொல்லுங்கள். அது முடியாவிட்டால் கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் டியூபால் கட்டம் கட்டமாக மட்டம் கடத்தலாம். நேரம் பிடிக்கும், ஆனால் இந்த வேலைக்குப் போதுமான துல்லியம் அதில் உண்டு.

மனை, சாலை முதுகைவிட அரை மீட்டருக்கு மேல் உயரம், சாக்பீஸ் கோடுகளுக்கும் மேலே என்றால் வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம். சாலை முதுகைவிடத் தாழ்வு என்றால், பாலம் அடைக்கும் நாளில் அங்கே தண்ணீர் நிற்கும். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் நான் வேண்டாம் என்பேன்.

வாய்ப்புக் கணக்கும் ஒன்று உண்டு. பொறியாளர்கள் 'நூறு வருட வெள்ளம்' என்று சொன்னால் நூறு வருடத்துக்கு ஒரு தடவை வரும் என்று அர்த்தமில்லை, எந்த வருடத்திலும் வர நூற்றில் ஒரு வாய்ப்பு. வீட்டுக்கடன் அடைக்கும் 30 வருடத்தில் ஒரு முறையாவது அது வர 26 சதவீத வாய்ப்பு. ஐம்பது வருட வெள்ளத்துக்கு 45 சதவீதம், இருபத்தைந்து வருட வெள்ளத்துக்கு 71 சதவீதம். அதுவும் நேற்றைய மழையை வைத்துப் போட்ட கணக்கு.

வீடு நனைவதைவிட எனக்குப் பெரிய கவலை, இரவில் குடும்பம் எப்படி வெளியேறும் என்பது. பெரிய ஆற்றில் மேலே அணை திறந்த செய்தி வந்து சில மணி நேரம் கிடைக்கும். உங்கள் ஓடையில் தண்ணீரை அளக்க ஆளும் இல்லை, கருவியும் இல்லை. மேலே மழை கொட்டி ஒன்றரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். மனையிலிருந்து மேட்டுக்குப் போகும் வழி ஓடையைக் கடக்கிறதா? கடந்தால் அது வழியே இல்லை. பாயும் தண்ணீர் 15 செ.மீ. இருந்தாலே ஆளை நிலைகுலைய வைக்கும், 30 செ.மீ.யில் சிறிய கார் மிதந்து நகரும். இரவில் தாம்போதியில் ஆழமும் தெரியாது, அடியில் சாலை இருக்கிறதா என்பதும் தெரியாது. வயதானவர்களும் குழந்தைகளும் உள்ள வீடு என்றால் இந்த ஒரு காரணத்துக்காகவே நான் மனையை நிராகரிப்பேன்.

எல்லாம் பார்த்து, வாங்கலாம் என்று தோன்றினால், கட்டும்போது சிலவற்றைக் கவனியுங்கள். வீட்டின் தரைமட்டத்தை வெள்ளக் கோட்டுக்கோ சாலை முதுகுக்கோ, எது உயரமோ அதற்கு மேலே குறைந்தது இரண்டு அடி வையுங்கள். மனை முழுவதும் மண் கொட்டி மேடாக்குவதைவிட வீட்டை மட்டும் உயர்த்துவது நல்லது, இல்லாவிட்டால் உங்கள் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகும். கரிசல் மண்ணை நிரப்பாதீர்கள், அது உப்பிச் சுருங்கித் தரையைப் பிளக்கும். கிராவல் போட்டு இறுக்குங்கள். ஓடைப் பக்கம் ஆளுயரக் காம்பவுண்டுச் சுவர் வேண்டாம், தேங்கிய தண்ணீரின் பாரத்தில் அது மொத்தமாக விழும். கம்பி வேலி போதும். மீட்டர் பெட்டியும் சுவிட்சுகளும் இடுப்புக்கு மேலே, மாடிக்குப் போகப் படிக்கட்டு கட்டாயம். வீட்டுக் காப்பீட்டில் 2021 ஏப்ரலில் வந்த 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசியில் வெள்ளச் சேதமும் அடங்கும்; கடன் வாங்கும்போதே எடுத்துவிடுங்கள்.

இப்போதைக்கு அட்வான்ஸ் எதுவும் கொடுக்காதீர்கள். நீர்வளத் துறைச் சான்றின் நகலைத் தரகரிடம் கேளுங்கள். அது வருவதற்குள் கீழ்ப்பாலத்தின் கண்களை அளந்து, மேல் கண்மாய்க் கரையில் நடந்து பாருங்கள். பாலத்தின் அளவு, நீர்ப்பிடிப்புப் பரப்பு, சாலை முதுகுக்கும் மனைக்கும் உள்ள மட்ட வித்தியாசம் ஆகிய மூன்று எண்களையும் எழுதி அனுப்பினால், உங்கள் ஓடைக்கே கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.